டெலிஃபோட்டோ லென்ஸில் விமானங்களைப் படமெடுக்க என்ன செட்டிங் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடுத்த எடுப்பில் ஒரு செட்டிங் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நல்ல வெயில், ஜெட் விமானம், 400 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/1000 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 250. தொடர் ஃபோகஸ், பர்ஸ்ட் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை அடுத்தடுத்துப் படம்). இதை வைத்துக்கொண்டு உடனே படமெடுக்கப் போகலாம்.

ஆனால் அடுத்து வருவது ப்ரொப்பெல்லர் விமானம் என்றால் இதே செட்டிங் படத்தைக் கெடுத்துவிடும். அதனால் டயலைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வருகிற விமானத்தில் வெளியே தெரியும்படி ஏதாவது சுழல்கிறதா? இல்லையென்றால் ஷட்டரை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் வைக்கலாம். சுழல்கிறது என்றால் அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அதுதான் ஷட்டரை முடிவு செய்யும். அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் அதைப் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு ஷட்டர் எவ்வளவு?

1/1000-இல் எடுத்தால் பிளேடுகள் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். என்ஜின் அணைந்த விமானம் ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். விமானப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் கண்டுபிடிக்கும் குறை இதுதான்.

கணக்கு எளிது. ஏடிஆர் 72 என்ற டர்போப்ராப் (ஜெட் வகை என்ஜினால் ப்ரொப்பெல்லர் சுழலும்) பயணிகள் விமானத்தின் 500, 600 ரகங்களில் இருக்கும் ஆறு பிளேடு ப்ரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 20. 1/1000 விநாடியில் ஒரு பிளேடு 7 டிகிரிதான் நகரும். 1/250-இல் 29 டிகிரி, 1/125-இல் 58 டிகிரி. ஆறு பிளேடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 60 டிகிரி. ஆகவே 1/125-இல் ஒவ்வொரு பிளேடும் அடுத்ததன் இடம்வரை இழுபட்டு முழு வட்டமாகத் தெரியும். 1/250-இல் வட்டத்தில் பாதி நிரம்பும்.

சின்ன விமானங்களில் கணக்கு வேறு. செஸ்னா 172-க்கு இரண்டே பிளேடு, நிமிடத்துக்கு 2400 சுற்று என்று வையுங்கள். வேகம் இருமடங்கு, ஆனால் பிளேடுகளின் இடைவெளி 180 டிகிரி. முழு வட்டம் வேண்டுமென்றால் 1/80 வரை இறங்க வேண்டும். 1/160-இல் பாதி வட்டம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த மாதிரி சின்ன விமானம் தரையிறங்கும்போது பைலட் என்ஜினைத் தணித்திருப்பார். மேலேறும்போது அழகாக மங்கிய அதே ஷட்டரில், இறங்கும்போது பிளேடு பட்டையாக நின்றுவிடும்.

முழு வட்டம் வந்தால்தான் படம் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். எனக்கு அது அவசியமாகப் படவில்லை. பெரிய டர்போப்ராப்புக்கு 1/250, சின்ன விமானத்துக்கு 1/160 என்று வைத்தால் சுழற்சியும் தெரியும், கையில் தேறும் படங்களும் கூடும்.

ஹெலிகாப்டருக்கும் அதே ஷட்டர்தானா?

இல்லை, இன்னும் மெதுவாக. பிரதான ரோட்டர் ப்ரொப்பெல்லரைவிட மிக மெதுவாகச் சுழல்வது. சினூக் என்ற பெரிய ராணுவ ஹெலிகாப்டரில் நிமிடத்துக்கு 225 சுற்று. 1/250-இல் 5 டிகிரிதான் நகரும், ஏறக்குறைய நின்ற மாதிரிதான் தெரியும். 1/60-இல் 22 டிகிரி. மூன்று பிளேடு ரோட்டரில் முழு வட்டம் வேண்டுமென்றால் 1/11 விநாடி. அதை நீண்ட லென்ஸில், கையில் பிடித்து எடுக்க நினைப்பது வீண்முயற்சி. ராபின்சன் ஆர்44 போன்ற சின்ன ஹெலிகாப்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று, எனவே 1/125-இல் 19 டிகிரி மங்கும். அது போதும்.

ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் மிதக்கும்போது 1/60, முன்னோக்கிப் பறக்கும்போது 1/100 அல்லது 1/125 என்று ஆரம்பியுங்கள். வால் ரோட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் தானாகவே மங்கிவிடும்.

400 மி.மீ. லென்ஸுக்கு குறைந்தது 1/400 வேண்டும் என்கிறார்களே. 1/125-இல் எப்படி எடுப்பது?

அந்த விதி அசையாத பொருளுக்கு, கை நடுக்கத்தை மனதில் வைத்துச் சொன்னது. விமானம் அசைகிறது, நீங்களும் அதோடு சேர்ந்து திரும்புகிறீர்கள். இங்கே எண்கள் வேறு கதை சொல்லும்.

தரையிறங்க வரும் விமானம் விநாடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 250 கி.மீ. வேகத்தில் உங்களுக்குக் குறுக்கே, 200 மீட்டர் தூரத்தில் போகிறது. 400 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (சென்சார் 36×24 மி.மீ.) கேமரா. கேமராவை அசைக்காமல் பிடித்தால் விமானத்தின் பிம்பம் சென்சார் மீது விநாடிக்கு 140 மி.மீ. ஓடும். பிக்சலில் சொன்னால் 23,000-க்கு மேல். 1/1000-இல் எடுத்தால்கூட 23 பிக்சல் இழுபட்ட படம்தான் கிடைக்கும்.

இப்போது விமானத்தோடு சேர்ந்து திரும்புங்கள், அதாவது பேனிங். அதன் வேகத்தோடு 5 சதவீதப் பிசகுக்குள் ஒத்துப்போனால் 1/1000-இல் மங்கல் ஒரு பிக்சல்தான். அதே பிசகோடு 1/250-இல் எடுத்தால் ஐந்து பிக்சலுக்குள். 1/250-இல் நன்றாகத் திரும்பியவர், 1/1000-இல் கேமராவை நிறுத்திப் பிடித்தவரைவிட நாலைந்து மடங்கு தெளிவான படத்தோடு வீட்டுக்குப் போவார். ஷட்டரைக் கூட்டிக்கொண்டே போவதைவிடத் திரும்பப் பழகுவதில்தான் லாபம்.

பழகுவது இப்படி. விமானம் உங்களை நேராகக் கடக்கும் இடம் எதுவோ அதை நோக்கிக் கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பிலிருந்து மேலே மட்டும் திரும்பி, விமானம் வரும் பக்கம் பாருங்கள். தூரத்திலேயே பிடித்து, கண்ணிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். நேரே வரும்போது உடம்பில் முறுக்கு இருக்காது, அங்கேதான் அசைவு சீராக இருக்கும். பர்ஸ்ட் முடிந்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பட்டனை அழுத்தியவுடன் கை சட்டென்று நிற்பதுதான் பாதிப் படங்களைக் கெடுப்பது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் கடக்கும் பெரிய விமானத்தை 1/60-இல் எடுத்தால் மூக்கு முதல் வால் வரை எல்லாமே துல்லியமாக வராது. உங்களுக்கு எதிரே இருக்கும் பகுதி பார்வையில் வேகமாக நகரும், தள்ளியிருக்கும் பகுதி மெதுவாக. ஏதாவது ஒன்றோடுதான் கேமரா ஒத்துப்போக முடியும். மூக்கும் விமானி அறையும் தெளிவாக இருந்தால் வால் கொஞ்சம் மங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும்.

ஜெட்டுக்கு 1/1000 எப்போதும் போதுமா?

பயணிகள் விமானத்துக்குப் போதும். தாழ்வாக, பக்கத்தில் சீறிப் போகும் போர் விமானத்துக்கு 1/2000 அல்லது அதற்கு மேல்.

எஃப் 8 என்று எல்லோரும் சொல்வது ஏன்? பின்னணி மங்க வேண்டாமா?

பின்னணி வெறும் வானம். அதில் மங்குவதற்கு என்ன இருக்கிறது?

முழு விமானமும் ஃபோகஸில் இருக்க வேண்டும் என்பதற்காக அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டியதும் இல்லை. ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ., எஃப் 5.6, விமானம் 300 மீட்டரில் என்றால் வழக்கமான கணக்குப்படி 228 மீட்டரிலிருந்து 438 மீட்டர் வரை ஃபோகஸ் பரவியிருக்கும். அதற்குள் எந்த விமானமும் அடங்கும். எஃப் 8 சொல்வதற்குக் காரணம் வேறு: பெரும்பாலான 100-400, 150-600 ஜூம்கள் நீண்ட முனையில் முழுதாகத் திறந்திருக்கும்போது கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஒரு படி (வெளிச்சம் பாதியாகும் அளவு) சுருக்கினால் எழுத்துகளும் ரிவெட்டுகளும் இறுகிவரும். விலையுயர்ந்த பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வைத்திருப்பவர்கள் முழுதாகத் திறந்தே எடுக்கலாம்.

எஃப் 11-ஐத் தாண்டுவது பற்றி யோசியுங்கள். சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் நுணுக்கம் குறையும். அதோடு, சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொன்றும் நீல வானத்தில் சாம்பல் புள்ளியாக எழுந்து நிற்கும்.

கம்பி வேலிக்கு வெளியே நின்று எடுக்கும்போது மட்டும் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிடுங்கள். லென்ஸை வேலிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்தால் கம்பி கரைந்துவிடும்.

வெயிலில் 1/125 வைத்தால் கேமரா எஃப் 14-க்குப் போகிறது. என்ன செய்வது?

அது கேமராவின் தப்பில்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்றால் ஷட்டர் 1/400 அளவில் வரும். 1/125-க்கு இறங்கும்போது அப்பர்ச்சர் எஃப் 14-க்குச் சுருங்கித்தான் ஆக வேண்டும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) ஒன்றரை முதல் இரண்டு படி வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதைப் போட்டால் எஃப் 8 திரும்பக் கிடைக்கும். உடலின் மேல் பளபளக்கும் கண்கூச்சமும் அடங்கும். ஹெலிகாப்டருக்கு 1/60 வரை போவதென்றால் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 1/250-இல் எஃப் 10-தான் வரும், ஃபில்டர் இல்லாமலே சமாளிக்கலாம். நான் 1/250 பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த மோடில் எடுப்பது? ஷட்டர் ப்ரையாரிட்டியா (ஷட்டரை மட்டும் நாம் வைப்பது), மேனுவலா (எல்லாவற்றையும் நாமே வைப்பது)?

வெளிச்சம் மாறாத நாளில் முழு மேனுவல். வானத்தில் மேகம் வந்து போகும் நாளில் மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ.

மேனுவலை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் பின்னணி. ஒரே விமானம் மூன்று விநாடிக்குள் பச்சை மரங்களுக்கு முன்னால் இருக்கும், பிறகு வெள்ளை மேகம், பிறகு ஆழ்ந்த நீலம். விமானத்தின் மேல் விழும் வெயில் மாறவே இல்லை. ஆனால் கேமரா ஒவ்வொரு முறையும் பின்னணியை அளந்து வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மேனுவலில் 1/1000, எஃப் 8, ஐஎஸ்ஓ 250 என்று பூட்டிவிட்டால் மரமானாலும் மேகமானாலும் விமானம் ஒரே நிறத்தில் வரும். முதலில் வரும் வெள்ளை நிற விமானத்தை எடுத்துப் பாருங்கள். வெயில் படும் மேல்புறம் வெளுத்துப்போகிறது என்று கேமரா சிமிட்டிக் காட்டினால் ஐஎஸ்ஓவை ஒரு சின்னப் படி குறையுங்கள், அவ்வளவுதான்.

கேமராவில் சி1, சி2 போன்ற சேமிப்பு இடங்கள் இருந்தால் ஒன்றில் ஜெட், ஒன்றில் ப்ரொப்பெல்லர். வரிசையாக மாறிமாறி வரும்போது டயலை ஒரு திருப்பு திருப்பினால் போதும்.

மேகமூட்டத்தில் விமானம் கருப்பாக வருகிறதே?

வெளிர் வானம் கேமராவை ஏமாற்றுகிறது. தானியங்கி முறையில் எடுப்பதாக இருந்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) +1 பக்கம் ஏற்றுங்கள். விமானத்தின் அடிவயிறு நிழலில் இருப்பதால் சில நேரம் அதற்கு மேலும் தேவைப்படும். வானம் வெள்ளையாகப் போய்விடுமே என்றால், போகட்டும். மூட்டமான வானத்தில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

ஃபோகஸ் எப்படி அமைப்பது?

தொடர் ஃபோகஸ். கேனனில் சர்வோ, நிக்கான், ஸோனி, ஃபியூஜி போன்றவற்றில் ஏஎஃப்-சி என்று இருக்கும். ஒற்றைப் புள்ளியைவிட ஒரு சின்னக் கொத்துப் புள்ளிகளோ நடு மண்டலமோ நல்லது. ஒற்றைப் புள்ளி வெறும் வெள்ளை உடலில் விழுந்தால் பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். விமானி அறைக் கண்ணாடி, ஜன்னல் வரிசை, பதிவெழுத்து, என்ஜின் விளிம்பு, இவற்றில் ஒன்று கட்டத்துக்குள் இருக்கட்டும்.

புதிய கேமராக்கள் விமானத்தைத் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். 2019-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-டி ஈ-எம்1எக்ஸில் இந்த வசதி இருந்தது. ஸோனி ஏ7ஆர் 5, நிக்கான் இசட்8 போன்றவற்றிலும் இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் மண்டலத்தை முழுத் திரைக்கும் விரித்துவிடாதீர்கள். வேலிக் கம்பம், விளக்குத் தூண், பக்கத்து விமானம் என்று கவனம் சிதற நிறைய இருக்கிறது.

வெற்று நீல வானத்தில் விமானம் சின்னதாக வரும்போது லென்ஸ் சுத்தமாகத் தொலைந்துபோகும். அதற்கு முன்பே தூரத்தில் இருக்கும் கட்டிடத்திலோ மேகத்தின் விளிம்பிலோ ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துவிடுங்கள். லென்ஸில் தூர வரம்பு ஸ்விட்ச் இருந்தால் கிட்டத்து தூரத்தை அடைத்துவிடுங்கள். தேடுகிற தூரம் குறைந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஸ்டெபிலைசர் (நடுக்கம் குறைக்கும் வசதி) போடலாமா? மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டுமா?

போடலாம், பேனிங்குக்கான முறையில். கேனன் லென்ஸ்களிலும் பல ஸோனி லென்ஸ்களிலும் அது மோடு 2, நிக்கானில் ஸ்போர்ட். 1/1000-க்கு மேல் அணைத்தாலும் நஷ்டமில்லை. மோனோபாட் கனமான லென்ஸுக்குத் தோளைக் காப்பாற்றும், தலைக்கு மேலே போகும் விமானத்துக்கு உதவாது.

எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தேன். ப்ரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது.

சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. மேல் வரியைப் படிக்கும்போது ஓர் இடத்தில் இருந்த பிளேடு, கீழ் வரிக்கு வரும்போது வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஷட்டர் ஸ்பீடை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். மிக வேகமாகப் படிக்கும் சென்சார்களில் வளைவு கவனிக்க முடியாத அளவு குறையும். 2023-இல் அறிவிக்கப்பட்ட ஸோனி ஏ9 3-இல் எல்லா வரிகளையும் ஒன்றாகவே படிக்கும் சென்சார் இருப்பதால் அதில் இந்தப் பேச்சே இல்லை.

எல்லாம் சரியாக வைத்தும் படம் மங்கல். காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஜன்னல் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலும் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் பேனிங் ஒத்துப்போகவில்லை. ஜன்னல்கள் சமமாக மென்மையாகி, பின்னாலிருக்கும் மரமோ கட்டிடமோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பின்னால் போயிருக்கிறது. ஜன்னல் வரிசையே நெளிந்து, ஒரு ஜன்னல் மேலேயும் அடுத்தது கீழேயும் இருந்தால், அது வெப்ப அலை.

முதல் இரண்டுக்கு மருந்து மேலே சொன்னவை. மூன்றாவதுக்கு கேமராவில் மருந்தே இல்லை. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. ஷட்டரைக் கூட்டினால் அந்த நெளிவு உறைந்து நிற்கும், மறையாது. இன்னும் நீளமான லென்ஸ் வாங்கினால் நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். ஓடுதளத்தின் மறுபக்கம் ஒன்றரை கிலோமீட்டரில் உருளும் விமானத்தை மத்தியான வெயிலில் எடுக்க முயல்வதைவிட, அதே விமானம் மேலேறி வானம் பின்னணியாகும் வரை காத்திருங்கள். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம், மேகம் மூடிய நாள், மழை நின்ற பிறகு, இவை நல்ல நேரங்கள். வெயிலில் காய்ந்த கார் கூரைக்கோ பானெட்டுக்கோ மேலாக எடுக்காதீர்கள். அந்த ஒரு மீட்டர் சூட்டுக் காற்றே போதும், படம் போய்விடும்.

டெலிகன்வெர்ட்டர்?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போட்டு உருவத்தைப் பெரிதாக்கும் துண்டு இது. 1.4 மடங்கு ஒரு படி வெளிச்சம் எடுக்கும், 2 மடங்கு இரண்டு படி. எஃப் 6.3 ஜூமில் 2 மடங்கு போட்டால் எஃப் 13 ஆகிவிடும், ஃபோகஸும் தடுமாறும். பிரைம் லென்ஸோடு 1.4 மட்டும் சரி. மற்றவர்கள் படத்தைக் கணினியில் வெட்டிக்கொள்வது மேல்.

புகைக்கோடு விட்டுக்கொண்டு உயரத்தில் போகும் விமானத்துக்கு?

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றதும் பயப்பட வேண்டாம். தலைக்கு நேர் மேலே 11 கி.மீ. உயரத்தில் போனால், 600 மி.மீ. லென்ஸில்கூட அதன் பிம்பம் விநாடிக்கு 14 மி.மீ.தான் நகரும். 400-இல் பார்த்த தரையிறங்கும் விமானத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. 1/1000 தாராளம். 74 மீட்டர் நீளமுள்ள போயிங் 777-300ஈஆர் அந்த உயரத்தில் சென்சாரில் 4 மி.மீ. நீளம் வரும், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் சுமார் 670 பிக்சல். நிறுவனத்தின் வண்ணத்தை அடையாளம் காண அது போதும். புகைக்கோடு வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலாவைக் கடக்கும் விமானம் வேண்டுமென்றால் பர்ஸ்ட்தான் கதி. நிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரி. தலைக்கு மேலே போகும் விமானம் அதை அரை விநாடிக்குள் தாண்டிவிடும். விநாடிக்கு பத்துப் படம் எடுக்கும் கேமராவில் நாலு படம் தேறினால் அதிகம்.

இரவில்?

நிற்கும் விமானத்துக்கு முக்காலி, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, சில விநாடி எக்ஸ்போஷர். முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை அடிக்கும். மூன்று விநாடி திறந்து வைத்தால் இரண்டு மின்னலாவது நிச்சயம் பதிவாகும்.

பறக்கும் விமானத்துக்கு அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றி, 1/60 அல்லது 1/80-இல் பேனிங். பத்தில் ஒன்று வந்தாலே நல்ல இரவு. ஃபோகஸ் புள்ளியைத் தரையிறங்கும் விளக்கின் மேல் வைக்காதீர்கள். அந்த வெளிச்சப் பிழம்பில் கேமராவுக்கு ஓரம் எதுவும் கிடைக்காது. சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் வானத்தில் நீலமும் இருக்கும், ஐஎஸ்ஓவும் பாதியாகும்.

ராவா, ஜேபெக்கா?

ரா, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு. அடிவயிற்று நிழலை மேலே தூக்க இடம் வேண்டும். நீண்ட பர்ஸ்டில் கேமரா திணறினால், ஜேபெக்குக்கு மாறுவதற்கு முன் பட்டனில் விரலை அழுத்தியே வைத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். விமானம் நேரே வரும் இடத்தில் ஒரு விநாடி, மூக்கு மேலெழும்பும்போது ஒரு விநாடி, சக்கரம் மடங்கும்போது ஒரு விநாடி.